சூட்டில் கொடுத்த அரைத் திருகு

கோலார் தங்கவயலில், சேம்பியன் ரீஃப் தொழிலாளர் லைன் வீடொன்றில் பிறந்த தம்மபாலன் பதினெட்டு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கினார். அவருடைய அப்பா இறங்கிய அதே ஷாஃப்ட் குழி. ஆறு வருஷம் கழித்து நடந்த ஒரு பாறை வெடிப்பில் அவருடைய தம்பி செத்தான். உடம்பை வெளியே கொண்டுவர நான்கு நாள் ஆனது. அடக்கம் முடித்து மறுபடி ஷிஃப்டுக்குப் போன அன்று, ஆட்களை இறக்கும் கேஜுக்குள் வைக்கக் கால் எழவில்லை. பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று தள்ளினார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு சுரங்கக் கம்பெனியின் மோட்டார் ஷெட்டில் வண்டி கழுவும் வேலையைக் கெஞ்சி வாங்கினார். கழுவிக்கொண்டே தொழிலைக் கற்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் சுரங்கம் சர்க்கார் கைக்குப் போனது. துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேற, ஷெட்டிலும் வேலை குறைந்தது. தம்மபாலன் வெளியே வந்து ராபர்ட்சன்பேட்டைக்குப் பக்கத்தில் சாலையோரமாக ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். சுரங்கத்தின் வாயை இனி பார்க்கவேண்டியதில்லை என்பதே அவருக்குப் பெரிய நிம்மதி.

பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த துளசிராமன், ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து பெரிய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி டாக்ஸியாக விட்டிருந்தார். அதை ஓட்டியவன் ஆபிரகாம். தம்மபாலனைவிட இரண்டு வயது இளையவன். வண்டியின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். துளசிராமன் கடைக்கு எந்த வேலையாகப் போனாலும் இவர்கள் இருவருக்கும் டீ வாசற்படிக்குத்தான் வரும், அதுவும் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் கிளாசில். அந்தப் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்துக் குடித்து வளர்ந்த சிநேகம் அது.

அறுபத்து நாலாம் வருஷம் வைகாசியில் ஆபிரகாம் வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தான்.

"பாலண்ணே, தண்ணி குறைஞ்சிக்கினே போவுது. எங்க ஒழுவுதுன்னு தெரியல."

தம்மபாலன் பானெட்டைத் திறந்து பார்த்தார். ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே மேலே போகிற ரப்பர் ஓஸ் ஊறிப்போய், விரலால் அமுக்கினால் பஞ்சு மாதிரி இருந்தது. அதன் இரண்டு முனைகளையும் பிடித்திருந்தவை வண்டியோடு வந்த ஸ்பிரிங் கிளிப்புகள். குறடால் இரண்டு காதையும் சேர்த்து அமுக்கினால் விரியும், விட்டால் கவ்விக்கொள்ளும். ஒன்று நன்றாக இருந்தது. இன்ஜின் பக்கத்துக் கிளிப் துருவேறிப் பிடிப்பில்லாமல் போயிருந்தது. ஓஸையும் மாற்றவேண்டும், கிளிப்பையும் மாற்றவேண்டும்.

ஓஸ் பஜாரிலேயே கிடைத்தது. கிளிப்தான் சிக்கல். அந்த மாதிரி ஸ்பிரிங் கிளிப் வேண்டுமானால் பெங்களூருக்குப் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் தேடவேண்டும். இங்கே கிடைப்பதெல்லாம் தகட்டைச் சுற்றி திருப்புளியால் முறுக்குகிற ஸ்க்ரூ கிளிப்.

துளசிராமன் அந்தப் பக்கம் வந்தபோது தம்மபாலன் விஷயத்தைச் சொன்னார். "ஒருநாள் டைம் குடுங்க மொதலாளி. பெங்களூர் போயிட்டு வந்துட்றேன். இந்த எடத்துக்கு ஸ்பிரிங்தான் நல்லது."

"ஏன், ஸ்க்ரூ போட்டா இன்னா? கம்பிய விடத் தகடு கெட்டிதானே."

"கெட்டிதான். ஆனா ரப்பரு சூட்டுல உப்பும், ஆறுனா சுருங்கும். ஸ்பிரிங்கு அது கூடவே போய்க் கூடவே வரும். ஸ்க்ரூ நாம நிறுத்துன எடத்துலயே நிக்கும். புது ஓஸு ரெண்டு தரம் ஓடுனா அமுங்கிடும், அப்பத் திரும்பவும் பார்த்து முறுக்கணும்."

"முறுக்கேன். அதுக்குத்தானே நீ கீற. நாளைலேர்ந்து வரிசையா கல்யாண வாடகை ஒத்துக்கினு கீறேன், வண்டிய நிறுத்த முடியாது."

தம்மபாலன் மேற்கொண்டு பேசவில்லை. பேசியிருக்கலாம். இன்ஜின் பக்கத்தில் ஸ்க்ரூ கிளிப்பைப் போட்டு, அளவாக இறுக்கி, தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்தார். ஒழுகல் நின்றிருந்தது. ஆபிரகாமிடம், "நாளைக்கு ஓட்டிட்டு, வண்டி நல்லா ஆறுனப்புறம் கொண்டா. இன்னொரு தரம் பார்க்கணும். மறந்துடாத" என்றார்.

ஆபிரகாம் மறக்கவில்லை. மறுநாள் சாயங்காலமே வந்துவிட்டான். ஆனால் வண்டி ஆறியிருக்கவில்லை. கோலாரிலிருந்து ஒரே ஓட்டமாக வந்து, இன்னும் ஒருமணி நேரத்தில் பெண் வீட்டாரை ஏற்றப் போகவேண்டியிருந்தது அவனுக்கு.

அன்றைக்கு வைகாசிப் பௌர்ணமி. புத்தர் பிறந்த நாள். விகாரையில் விளக்கு வரிசை வைக்கும் பொறுப்பு தம்மபாலனுடையது. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கொட்டகையைப் பூட்டுகிற நேரம். பானெட்டைத் தூக்கினார். சூடு முகத்தில் அடித்தது. கிளிப்புக்குக் கீழே ஒரு சொட்டு நீர் முத்து மாதிரி நின்றுகொண்டிருந்தது.

ஆறட்டும் என்று சொல்லியிருக்கவேண்டும். சூடான ரப்பர் மெழுகு மாதிரி. அப்போது முறுக்கினால் தகட்டின் ஓரம் உள்ளே இறங்கும். இது அவருக்குத் தெரியும். அவர் சட்டைக் கையை மடித்து, உடம்பை எட்டவே வைத்துக்கொண்டு, திருப்புளியை நீட்டி அரைத் திருகு கொடுத்தார். தகடு கொஞ்சம் புதைவது கையில் தெரிந்தது. சொட்டு நின்றுவிட்டது.

"இனிமே ஒண்ணும் ஆவாது. போ" என்றார்.

மூன்றாம் நாள் பகலில் மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு பூதிகோட்டைக்குப் போகும்போது, ஊருக்கு ஒரு மைல் முன்னால், பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. ஆபிரகாம் வண்டியை ஓரங்கட்டி, எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டு, பானெட்டைத் தூக்கி உள்ளே குனிந்து பார்த்தான். அந்த நேரத்தில் ஓஸ் பிய்த்துக்கொண்டது. கொதித்த தண்ணீர் முழுவதும் அவன் முகத்தில் அடித்தது. பக்கத்து வயலில் இருந்த ஒரு குடியானவர் ஓடிவந்து, கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி, தன் மாட்டு வண்டியிலேயே ஏற்றி பங்காருப்பேட்டை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார். ஆஸ்பத்திரியில் தங்களால் ஆனதைச் செய்தார்கள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின.

காரை ஒரு லாரியில் கட்டி இழுத்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். துளசிராமன் கூடவே வந்தார்.

"பைத்தியக்காரன். கொதிக்கிற வண்டில மூடியத் தொறந்துட்டான் பாரு" என்றார்.

தம்மபாலன் ரேடியேட்டர் மூடியைப் பார்த்தார். அது போட்டபடியே இருந்தது. கையால் திருப்பிப் பார்த்தார், அசையவில்லை. துணியைச் சுற்றி இரண்டு கையாலும் திருப்பியபிறகுதான் கிறீச்சென்று கழன்றது. பிறகு ஓஸைக் கழற்றினார். கிளிப் இருந்த இடத்தில் தகட்டின் ஓரம் ரப்பரைச் சுற்றிலும் கத்தி வைத்தாற்போல் வெட்டியிருந்தது.

"மூடிதானே?" என்று திரும்பவும் கேட்டார் துளசிராமன்.

தம்மபாலன் ஓஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். துளசிராமன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். மெக்கானிக்கே பார்த்துவிட்டான், மூடியைத் திறந்ததுதான் காரணம் என்று பஜார் முழுக்கப் பேச்சு பரவியது. டாக்ஸி ஸ்டாண்டிலும் அதே பேச்சு. இத்தனை வருஷம் ஓட்டினவனுக்கு இது தெரியவேண்டாமா என்றார்கள். வண்டிக்கு வேறு டிரைவர் வந்தான். ஓஸை தம்மபாலன் கொட்டகையின் பின்பக்கம் கொண்டுபோய் எரித்தார். ரப்பர் புகை வெகுநேரம் கண்ணைக் கரித்தது.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். முகம் முழுக்கக் கட்டுப் போட்டுப் படுத்திருந்த ஆபிரகாம், குரலைக் கேட்டதும் கையை நீட்டினான்.

"பாலண்ணே, நான் மூடியத் தொறந்தனா?"

"இப்ப அதெல்லாம் இன்னாத்துக்கு? சும்மா படு."

"எல்லாரும் தொறந்தேன்னு சொல்றாங்க. குனிஞ்சது ஞாபகம் கீது. தொறந்தது ஞாபகமே வரல. அடி பட்டதுல மறந்துட்டேனோ?"

தம்மபாலன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்லிவிடலாம் என்று மூன்று முறை நினைத்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஆபிரகாமின் மனைவி சரோஜம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷனைப் பார்த்த பார்வையில் இரக்கத்தைவிடக் கோபமே தெரிந்தது. தம்மபாலன் வாங்கிவந்த ஆரஞ்சுப் பழங்களை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி லீலா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். கொட்டகையில் எந்த வண்டியின் பானெட்டைத் தூக்கினாலும் முதலில் கிளிப்பைத்தான் தொட்டுப் பார்ப்பார். ஸ்க்ரூ கிளிப் போட்ட வண்டியை ஓட்டி, ஆறவைத்து, மறுபடி முறுக்காமல் வெளியே விடமாட்டார். இதுக்கு அரை நாளா என்று சிலர் வேறு கொட்டகைக்குப் போனார்கள். எத்தனை வண்டிக்குச் சரியாகச் செய்தாலும் அந்த ஒரு வண்டிக்குச் செய்தது மாறப்போவதில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

ஆபிரகாம் வீடு திரும்பினான். சரோஜம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். இரண்டு பெண் குழந்தைகளில் மூத்தது படிப்பை விட்டுவிட்டு அப்பாவுக்குத் துணையாக இருந்தது. அது தினமும் காலையில் அவனைக் கைபிடித்துக் கூட்டிவந்து டாக்ஸி ஸ்டாண்டு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போகும். பழைய சிநேகிதர்களின் பேச்சுச் சத்தத்தில் பொழுது போகும் அவனுக்கு.

டிசம்பர் மாதம் ஒருநாள் தம்மபாலன் அந்த வழியாகப் போனார். புதிதாக வந்த டிரைவர்கள் இரண்டு பேர் பெஞ்சின் முன்னால் நின்றிருக்க, ஆபிரகாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"என்னப் பார்த்துத் தெரிஞ்சிக்கங்கபா. சூட்டுல மூடியத் தொறக்கவே கூடாது. இந்த முட்டாள் தொறந்தான், பாருங்க மூஞ்சிய."

அவர்கள் சிரித்தார்கள். ஆபிரகாமும் கூடச் சிரித்தான். தம்மபாலன் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், ஒரு பூட்டிய கடையின் முன்னால் கொஞ்சநேரம் நின்றார். பொய்யைச் சொன்னது துளசிராமன். ஆனால் அதை ஆபிரகாமின் வாயில் வைத்தது தானே என்று தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு அவர்கள் வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்துப் போனார். ஆபிரகாம் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தம்மபாலன் உட்காரவில்லை.

"ஆபிரகாமு, மூடிய நீ தொறக்கல."

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன். வண்டி எங்கிட்ட வந்தப்ப மூடி போட்டது போட்டபடியே இருந்திச்சி. ஓஸத்தான் கிளிப்பு வெட்டிடுச்சி. நான் சூட்டுல அரைத் திருகு குடுத்தேன் இல்ல, பௌர்ணமி அன்னிக்கு. அது வெட்டுனதுதான்."

ஆபிரகாம் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு அருகே கொண்டுவந்து, ஒரு கையால் மறு கையைத் தடவினான்.

"அப்ப நான் தொறக்கல."

"தொறக்கல."

"தொறந்திருந்தா கை வெந்திருக்கணும் இல்ல? தெனமும் தடவிப் பார்ப்பேன், ஒரு தழும்பும் இல்ல. இவகிட்டக் கூடக் கேட்டேன், கையில எதனா தெரியுதா பாருன்னு. இல்லன்னா. ஆனா ஊரே சொல்லுது, முதலாளி சொல்றாரு, மெக்கானிக்கு சொன்னான்னு சொல்றாங்க. எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சின்னு நெனச்சிட்டேன்." அவன் கைகளை மடிமேல் இறக்கினான். "எனக்குப் புத்தி நல்லாத்தான் கீது."

சமையலறை வாசலில் சரோஜம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தம்மபாலன் கவனிக்கவில்லை.

"எத்தினி மாசமாத் தெரியும் அண்ணா?"

"அன்னிக்கே தெரியும்மா."

"ஏழு மாசம்." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஏழு மாசமா இந்த மனுசனத் திட்டாத நாளில்ல நானு. குடும்பத்தக் கெடுத்தவனேன்னு புள்ளைங்க எதிர்லயே சொல்லிட்டேன். தட்டுல சோத்தப் போட்டுத் தள்ளி வுட்டுருக்கேன். கண்ணு போனது உங்க கை தவறிப் போச்சி, அது ஆவட்டும். இத இன்னா பண்ணட்டும் நானு?"

சரோஜம்மா வந்து வாசல் கதவை அகலத் திறந்தாள்.

"போயிடுங்க. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க."

அங்கிருந்து நேராகத் துளசிராமன் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். துளசிராமன் கேட்டு முடித்துவிட்டு, "அப்பச் சும்மா இருந்துட்டு இப்ப வந்து இன்னாத்துக்கு ஒளறிக்கினு கீற? உன் தப்ப நீயே ஒத்துக்கினேன்னா எனக்கு நல்லதாப் போச்சு. யாரு கேட்டாலும் உன்னக் காட்டுவேன்" என்றார். அப்படியே செய்தார். டாக்ஸி ஸ்டாண்டு டிரைவர்கள் கூட்டமாகப் போய் ஆபிரகாமுக்கு நஷ்டஈடு கேட்டபோது, மெக்கானிக்கைக் கேளுங்கள் என்று கையை விரித்துவிட்டார். பெங்களூர் போக ஒருநாள் கேட்டதும், கொடுக்க மறுத்ததும் பேச்சில் வரவே இல்லை. தம்மபாலனும் அதை எடுத்துச் சொல்லவில்லை. சூட்டில் திருகியது பெங்களூர் அல்ல, தன் கை என்பதுதான் அவர் கணக்கு.

டிரைவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மூடியைத் திறந்த முட்டாள் என்ற பெயர் போய்விட்டதால், ஆபிரகாமை ஸ்டாண்டின் வரிசை பார்க்கிற ஆளாக வைத்துக்கொண்டார்கள். எந்த வண்டி எப்போது வந்தது, அடுத்த வாடகை யாருக்கு என்று சொல்கிற வேலை. வருகிற இன்ஜின் சத்தத்தை வைத்தே வண்டியைச் சொல்லிவிடுவான். அவன் சொன்னால் யாரும் தகராறு செய்யமாட்டார்கள்.

தம்மபாலன் கொட்டகைக்கு யாரும் வரவில்லை. கண்ணைக் குருடாக்கின மெக்கானிக் என்று குழந்தைகள்கூடச் சொன்னார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத் தகரத்தைப் பிரித்தார். யூனியனில் இருந்த ஒரு சொந்தக்காரர் முயற்சியில் சுரங்கத்தில் பம்பு ஃபிட்டர் வேலை கிடைத்தது. பம்பு இருப்பது ஆழத்தில், பாறையே சுடுகிற லெவலில். முதல் நாள் கேஜ் முன்னால் நின்றபோது பழையபடி கால் மரத்தது. கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் நின்றவரிடம், "கொஞ்சம் தள்ளி வுடுப்பா" என்று தானே கேட்டு உள்ளே போனார். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, அந்த வேலையில் இருந்தவரைக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் இறங்கினார் என்று லீலா பிற்பாடு சொன்னாள்.

எட்டு வருஷம் ஓடியது. இளவயதில் தின்ற தூசியும் இப்போது தின்றதும் சேர்ந்து நெஞ்சைப் பிடித்தன. எழுபத்து மூன்றில் டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்து, இனி இறங்கவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்போது நடந்தால் பத்தடிக்கு ஒருமுறை நிற்பார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தபோது, பக்கத்து பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"பாலண்ணே தானே?"

ஆபிரகாம். தலை நரைத்திருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசியதே இல்லை.

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"இருமுறதுக்கு முந்தி தொண்டைய ஒரு தரம் செருமுவீங்களே. அது மாறல." அவன் தடவித் தடவி வந்து அருகே உட்கார்ந்தான். இரண்டு டீ சொன்னான். குடித்து முடிக்கும்வரை இருவரும் மழையைப் பற்றியும், மூத்த பெண்ணுக்கு மைசூர் மைன்ஸ் பக்கத்தில் வரன் வந்திருப்பதைப் பற்றியும் பேசினார்கள்.

பிறகு ஆபிரகாம் சொன்னான். "அன்னிக்கு நீங்க வந்து சொல்லலன்னா எனக்கு மூளையே கலங்கிப் போயிருக்கும். அது நெசம். ஆனா மன்னிச்சிட்டேன்னு வாயால சொல்ல வரல எனக்கு. சொல்லிப் பார்த்தேன், கர்த்தர்கிட்டக் கேட்டும் பார்த்தேன். வரல."

"வரவேணாம்" என்றார் தம்மபாலன்.

"சரோஜாகிட்ட உங்களப் பார்த்தேன்னு சொல்லமாட்டேன்."

"சொல்லாத."

பஸ் வந்தது. ஆபிரகாம் அவர் முழங்கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டான். யார் யாருக்குத் துணை என்று கண்டக்டருக்குப் புரியவில்லை. இரண்டு பேரையும் ஏறச் சொன்னார்.

மறுவருஷம் பங்குனியில் தம்மபாலன் இறந்தார். விகாரைக்காரர்கள் வந்து பஞ்சசீலம் சொன்னார்கள். சுரங்கத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். கார் தொழிலில் இருந்தவர்கள் யாரும் வரவில்லை. உடம்பை எடுப்பதற்கு முன்னால் ஆபிரகாம் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். சரோஜம்மா வரவில்லை. லீலா அவனை அடையாளம் கண்டு ஒரு நாற்காலி போட்டாள். வந்திருந்தவர்களில் ஒருவர், "நீங்க அவருக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணா வேலை செஞ்சவங்க" என்றான் ஆபிரகாம்.

அடக்கம் முடியும்வரை வெயிலில் நின்றான். பிறகு மகளோடு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துப் போனான்.